தங்கவயலின் பெயர் யாருக்குச் சொந்தம்?

(கோலார் தங்கவயலில் தொழிலாளர் குடும்பத்து இளைஞர்களுக்காக நடைபெற்ற பண்பாட்டு வகுப்பில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



இந்த ஊரின் பெயர் இன்று நாட்டின் மூலைமுடுக்குகளிலெல்லாம் தெரிந்திருக்கிறது. 2018 டிசம்பர் 21 அன்று கன்னடம், தெலுங்கு, தமிழ், மலையாளம், இந்தி என ஐந்து மொழிகளில் வெளிவந்த ‘கே.ஜி.எஃப்’ திரைப்படமும், 2022 ஏப்ரல் 14 அன்று வெளிவந்த அதன் இரண்டாம் பாகமும் அதற்குக் காரணம். இரண்டாம் பாகம் மட்டுமே உலகெங்கும் 1,000 கோடி ரூபாய்க்கு மேல் வசூலித்தது. நூற்றிருபது ஆண்டுகளாக மண்ணைக் குடைந்து 800 டன்னுக்கும் அதிகமான தங்கத்தை வெளியே கொண்டுவந்த மக்களுக்கு அந்தத் தங்கத்தால் கிடைக்காத புகழ், மூன்று எழுத்துகளால் அவர்களுடைய ஊருக்குக் கிடைத்துவிட்டது.

இந்தப் புகழ் ஊருக்கு நல்லதுதானே என்று கேட்பவர்கள் உண்டு. அந்தக் கேள்வியை ஒதுக்கிவிட முடியாது. இங்குள்ள இளைஞர்களும் அந்தப் படத்தை விரும்பிப் பார்த்தவர்களே. தம் ஊர்ப்பெயர் பெருந்திரையில் எழுந்து வரும்போது விசிலடிப்பதில் குற்றம் ஒன்றுமில்லை. ஆனால் ஒரு பெயர் விற்கப்படும்போது அதை யார் விற்றார்கள், யாருக்கு விற்றார்கள், விற்பனைக்காக அந்தப் பெயரிலிருந்து எதைக் கழித்தார்கள் என்று கணக்குப் பார்ப்பது தொழிலாளி வர்க்கத்தின் கடமை. இவ்வுரை அந்தக் கணக்கைப் பற்றியது.

பார்வையாளரும் ஒரு சரக்கு

ஒரு குளிர்பான விளம்பரம் அந்தப் பானத்தில் எவ்வளவு சர்க்கரை இருக்கிறது என்று சொல்வதில்லை. அதைக் குடிப்பவர் எப்படிப்பட்டவர் என்றுதான் சொல்கிறது: துணிச்சல்காரர், இளமையானவர், யாருக்கும் அடங்காதவர். அதாவது பொருளோடு சேர்த்து ஓர் அடையாளமும் விற்கப்படுகிறது. பொருளின் பயனைக் காட்டிலும் இந்த அடையாளத்துக்கே விலை கூடுதல். இதைத்தான் சந்தையில் ‘பிராண்ட்’ என்கிறார்கள். மனிதருக்கு இடையிலான உறவுகள் சரக்குகளுக்கு இடையிலான உறவுகளாகத் தோற்றம் கொள்வதை மார்க்ஸ் ‘மூலதன’த்தின் முதல் தொகுதியிலேயே விளக்கினார். சரக்குக்கு ஓர் ஆளுமையும் குணநலனும் முகமும் ஏற்பட்டுவிடுகிற இன்றைய நிலை, அந்தத் தோற்ற மயக்கத்தின் முதிர்ந்த வடிவம் ஆகும்.

கனடாவைச் சேர்ந்த டல்லாஸ் ஸ்மித் என்ற மார்க்சிய ஆய்வாளர் 1977இல் எழுதிய கட்டுரை ஒன்றில் இன்னும் ஓரடி முன்னே சென்றார். பத்திரிகையும் தொலைக்காட்சியும் உண்மையில் உற்பத்தி செய்து விற்கும் சரக்கு எது என்று அவர் கேட்டார். செய்தியும் நாடகமும் கூட்டத்தைச் சேர்ப்பதற்கான இரை மட்டுமே; விளம்பரதாரருக்கு விற்கப்படும் சரக்கு அந்தக் கூட்டமே என்பது அவர் தந்த விடை. வயது, வருமானம், மொழி, பால் என்று தரம் பிரித்து, எடைபோட்டு, பார்வையாளர்கள் விற்கப்படுகிறார்கள்.

இதற்கு ‘கே.ஜி.எஃப்’பைவிடத் தெளிவான சான்று தேட வேண்டியதில்லை. இரண்டாம் பாகத்தின் முன்னோட்டம் 2021 ஜனவரியில் யூடியூபில் வெளிவந்தபோது கோடிக்கணக்கான முறை பார்க்கப்பட்டது. அதை வெட்டி ஒட்டிப் புதிய காணொளிகள் செய்தவர்களும், வசனத்தைப் பேசி நடித்துப் பதிவேற்றியவர்களும், பதாகை கட்டியவர்களும் ஊதியம் பெறாத விளம்பரத் தொழிலாளர்கள். அவர்களுடைய உழைப்பில்தான் அந்தப் பிராண்ட் வளர்ந்தது. 2023இல் பெப்சி நிறுவனம் அப்படத்தின் கதாநாயகன் யஷ்ஷைத் தன் விளம்பர முகமாக்கிக் கொண்டபோது, அது விலைகொடுத்து வாங்கியது ஒருவரின் நடிப்புத் திறனை மட்டுமா? அவரோடு சேர்ந்து வரும் கோடிக்கணக்கான இளைஞர்களின் கவனத்தையும் சேர்த்துத்தான் வாங்கியது. இரண்டாம் பாகத்தையொட்டி 2022இல் ‘கே.ஜி.எஃப்வெர்ஸ்’ என்ற மெய்நிகர் உலகம் ஒன்றும் அறிவிக்கப்பட்டு, அதற்குரிய எண்ணிம வில்லைகள் விற்பனைக்கு வந்தன. மெய்யான கே.ஜி.எஃப்பிலோ, தலைமுறை தலைமுறையாகக் குடியிருக்கும் லைன் வீட்டுக்கு உரிமைப் பத்திரம் கேட்டு ஓய்வுபெற்ற தொழிலாளர்கள் நெடுங்காலம் அலுவலகப் படிகளில் ஏறி இறங்கினார்கள்.

முதல் விற்பனை லண்டனில்

தங்கவயலின் பெயர் சரக்கானது 2018இல்தான் என்று நினைத்துவிடக் கூடாது. தங்கம் கிடைப்பதற்கு முன்பே பெயர் விற்பனைக்குப் போய்விட்டது. மைக்கேல் லவேல் என்பவர் 1875இல் மைசூர் அரசிடமிருந்து தோண்டும் உரிமை பெற்றார். அவருக்குப் பின் லண்டனில் பங்கு நிறுவனங்கள் தோன்றின. 1880ஆம் ஆண்டை ஒட்டி இந்தியத் தங்கம் என்ற பெயரில் ஒரு சூதாட்டமே அங்கு நடந்தது. வயநாட்டிலும், நீலகிரியின் தேவாலா, பந்தலூர்ப் பகுதிகளிலும் தங்கம் குவிந்து கிடக்கிறது என்று பங்கு வெளியீட்டு அறிக்கைகளும் நாளேடுகளும் முழங்கின. அக்காலத்து இலக்கு வாடிக்கையாளர், கையில் சிறிது சேமிப்பு வைத்திருந்த ஆங்கில நடுத்தர வர்க்கத்தார். கிழக்கின் புதையலில் பங்குடைய கனவான் என்ற அடையாளம் அவர்களுக்கு விற்கப்பட்டது. வயநாட்டு நிறுவனங்களில் பெரும்பாலானவை கொஞ்ச காலத்திலேயே நொடித்துப் போயின. கோலாரிலும் 1885 வாக்கில், மைசூர் சுரங்க நிறுவனத்தின் மூலதனம் ஏறக்குறைய தீர்ந்துவிட்ட கட்டத்தில்தான் சாம்பியன் ரீஃப் என்னும் வளமான தங்கப்படிவம் அகப்பட்டது. அதன்பிறகு ஜான் டெய்லர் நிறுவனத்தின் பெயர் உலகச் சந்தையில் கொடிகட்டிப் பறந்தது.

இரண்டாவது பிராண்ட் ‘சின்ன இங்கிலாந்து’. குளிர்ந்த காற்று, ஓட்டு பங்களாக்கள், கிளப், கோல்ஃப் திடல், 1902இலேயே சிவசமுத்திரத்திலிருந்து வந்த மின்சாரம் என்று இந்த ஊரைப் பற்றிய கட்டுரைகள் இன்றுவரை அதே பட்டியலைப் பாடுகின்றன. பெங்களூருத் தெருவிளக்குகள் 1905இல்தான் எரிந்தன, தங்கவயலில் அதற்கு மூன்றாண்டுகள் முன்பே மின்சாரம் வந்துவிட்டது என்பது மெய்தான். ஆனால் அந்த மின்சாரம் வந்தது சுரங்க இயந்திரங்களுக்காக. வட ஆர்க்காடு, சித்தூர்ப் பகுதிகளிலிருந்து பஞ்சத்துக்கும் பண்ணையடிமைத்தனத்துக்கும் தப்பி வந்த மக்கள், பெரும்பாலும் தலித் மக்கள், மூங்கில் தட்டிக் குடிசைகளில் வாழ்ந்தார்கள். பாறை வெடிப்பில் சிக்கி மாண்டவர்களும், கல்தூசி நுரையீரலில் படிந்து சிலிகோசிஸ் நோயில் இருமி இருமி மாண்டவர்களும் ‘சின்ன இங்கிலாந்’தின் விளம்பரப் படங்களில் இல்லை.

தலைப்பில் ஊர், கதையில் நராச்சி

மூன்றாவது பிராண்டுக்கு வருவோம். ‘கே.ஜி.எஃப்’ கற்பனைக் கதை என்று தயாரிப்பாளர்கள் சொல்கிறார்கள். ஏற்றுக்கொள்ளலாம். கதையில் வரும் சுரங்கத்துக்கு அவர்கள் இட்ட பெயர் ‘நராச்சி’. அப்படியானால் படத்துக்கும் ‘நராச்சி’ என்றே பெயர் வைத்திருக்கலாமே! வைக்கவில்லை. ‘நராச்சி’ என்ற சொல்லுக்குச் சந்தையில் மதிப்பு எதுவும் இல்லை என்பதே காரணம். ‘கே.ஜி.எஃப்’ என்ற மூன்று எழுத்துகளுக்குப் பின்னால் மூன்று கிலோமீட்டருக்கும் மேலான ஆழம் இருக்கிறது, மர்மம் இருக்கிறது, மரணம் இருக்கிறது. அந்த மதிப்பைச் சேர்த்து வைத்தவர்கள் சுரங்கத் தொழிலாளர்கள். தலைப்பு அந்தச் சேமிப்பை எடுத்துக்கொண்டது. கதை அதன் சொந்தக்காரர்களைக் கழித்துவிட்டது. படப்பிடிப்புக்கான அரங்குகளும் இந்த ஊரின் சைனைட் மேட்டில்தான் எழுப்பப்பட்டன. மேடு வேண்டியிருந்தது, அந்த மேட்டைக் குவித்தவர்கள் வேண்டியிருக்கவில்லை.

கழித்தது எவ்வளவு என்று பார்க்க வேண்டும். படத்தில் 1951இல் தங்கம் கண்டுபிடிக்கப்படுகிறது. சுண்ணாம்புக்கல் சுரங்கம் என்ற போர்வையில் ஒரு தனியார் குடும்பம் மக்களை அடிமைகளாக்கித் தங்கம் தோண்டுகிறது. 1970களின் இறுதியில் கதாநாயகன் மும்பையிலிருந்து வந்து கொடியவனைக் கொல்கிறான். அடிமைகள் மண்டியிட்டு அவனைத் தலைவனாக ஏற்கிறார்கள். அதே ஆண்டுகளில் மெய்யான தங்கவயலில் என்ன நடந்தது? 1956இல் சுரங்கங்கள் மைசூர் அரசின் உடைமையாயின. 1962இல் ஒன்றிய அரசின் கைக்கு வந்தன. 1972இல் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் என்ற பொதுத்துறை நிறுவனம் உருவாயிற்று. படம் எந்தக் காலத்தைத் தனியார் அடிமை முகாமாகக் காட்டுகிறதோ, அது தொழிற்சங்கங்கள் வலுவாக இயங்கிய பொதுத்துறைக் காலம்.

அதற்கு முன்பும் இந்த மக்கள் மண்டியிட்டுக் காத்திருந்தவர்கள் அல்லர். 1930இல் சுரங்க நிர்வாகம் ஒவ்வொரு தொழிலாளியின் கைரேகையையும் பதிவு செய்ய முனைந்தது. குற்றவாளிகளுக்குச் செய்வதைத் தமக்குச் செய்வதா என்று கொதித்தெழுந்து தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். அங்கீகரிக்கப்பட்ட சங்கம் கிடையாது. வெளியிலிருந்து வந்த வீரன் கிடையாது. ஏறத்தாழ மூன்று வாரங்கள் சுரங்கங்கள் ஓய்ந்து கிடந்தன. அந்தப் போராட்டம் கூலிக்காக மட்டும் நடந்ததன்று. தம்மீது முதலாளி குத்த நினைத்த அடையாளத்தை மறுத்து நடந்த போராட்டம் அது. 1940களில் கே.எஸ். வாசன் போன்ற கம்யூனிஸ்டுகளின் தலைமையில் சங்கம் வேரூன்றியது. 1946 நவம்பர் 4 தியாகிகளின் நினைவு இவ்வூர்ச் செங்கொடி இயக்கத்தில் இன்றும் போற்றப்படுகிறது. இவற்றில் ஒரு வரியும் ஆயிரம் கோடி ரூபாய்ச் சரக்கில் இடம்பெறவில்லை.

ஏன் இடம்பெறவில்லை? படத்தை எடுத்தவர்களின் அறியாமை என்று மட்டும் சொல்லிவிட முடியாது. பிராண்டின் இயல்பே அதற்குக் காரணம். பிராண்டுக்கு ஒற்றை முகம் தேவை. தாடி, கோட்டு, கையில் சுத்தியல் என்று வரைந்து சட்டையில் அச்சிடத்தக்க முகம் தேவை. ஆயிரக்கணக்கானோர் கூடி எடுத்த முடிவைச் சட்டையில் அச்சிட முடியாது. தனிமனித மீட்பன் விற்கப்படுவான். கூட்டு நடவடிக்கை விற்கப்படாது. ஆகவே அடிமைத்தனத்தைக் காட்டி இரக்கம் சம்பாதிக்கும் படம், விடுதலை எப்படி வரும் என்ற இடத்தில் தொழிலாளியின் கையிலிருந்து வரலாற்றைப் பிடுங்கிக் கதாநாயகனின் கையில் கொடுத்துவிடுகிறது.

ஐந்து மொழிகள், ஒரே கல்லாப்பெட்டி

‘அனைத்திந்தியப் படம்’ என்ற புதிய வணிக வகையையும் இங்கே புரிந்துகொள்ள வேண்டும். கர்நாடகத்தில் இது கன்னடத் திரையுலகின் பெருமிதமாக விற்கப்பட்டது. வட இந்தியாவில், பன்னடுக்குத் திரையரங்குகளின் நகர்ப்புறப் படங்களில் தம்மைக் காணாத சாமானியரின் படமாக விற்கப்பட்டது. தமிழ்நாட்டிலும் ஆந்திரத்திலும் தாய்ப்பாசமும் அதிரடியும் கலந்த பழகிய விருந்தாகப் பரிமாறப்பட்டது. இரண்டாம் பாகத்துக்கு ஏப்ரல் 14 தேர்ந்தெடுக்கப்பட்டது. தமிழ்ப் புத்தாண்டு, பைசாகி, அம்பேத்கர் பிறந்தநாள் என்று விடுமுறைகள் கூடிவரும் நாள் அது. அம்பேத்கர் பிறந்தநாளை ஊர்த்திருவிழாவாகவே கொண்டாடும் தங்கவயலின் பெயர், தலித் தொழிலாளி முகமற்ற கூட்டமாக வரும் படத்துக்காக அதே நாளில் நாடெங்கும் ஒலித்தது.

ஒரே பண்டத்தின்மீது மொழிக்கொரு உறை போர்த்தும் இந்த வித்தையில் எந்த மொழி பேசும் தொழிலாளிக்கும் ஆதாயம் இல்லை. தங்கவயல் தமிழர் ஊர் மட்டுமன்று. தெலுங்கரும் கன்னடரும் மலையாளிகளும் இங்கே சேர்ந்து உழைத்தார்கள். பஞ்சாபியர் காவல் வேலைக்கு வந்தார்கள். கார்ன்வாலிலிருந்தும் இத்தாலியிலிருந்தும் சுரங்கக் கைவினைஞர்கள் வந்தார்கள். கர்நாடகத்தின் குடிமக்களாகிய தமிழ்பேசும் உழைப்பாளிகள் என்ற இந்த ஊரின் மெய்யான நிலை, ‘கன்னடப் பெருமிதம்’ என்ற உறைக்குள்ளும் அடங்காது. ‘தமிழ்ப் பெருமிதம்’ என்ற உறைக்குள்ளும் அடங்காது. அதனால்தான் அதை எந்த உறைக்காரரும் தொடுவதில்லை.

2024 ஆகஸ்ட் 15 அன்று வெளிவந்த பா. ரஞ்சித்தின் ‘தங்கலான்’, இந்தச் சுரங்கத்தின் தொடக்கத்தில் தலித் மக்கள் இருந்தார்கள் என்பதை மையமாக வைத்துப் பேசியது. அதுவும் பெருமுதலீட்டுப் படம்தான். சந்தையின் விதிகளுக்கு வெளியே நின்று எடுக்கப்பட்டதன்று. எனினும் பண்பாட்டுக் களத்தில் போட்டி சாத்தியம் என்பதை அது காட்டியது. ஆனால் ஒரு நல்ல படம் இன்னொரு படத்தின் கணக்கைத் தீர்த்துவிடும் என்று நம்பி உட்கார்ந்துவிட முடியாது.

தொழிலாளர் காசில் நடந்த ஏடு

இந்த ஊருக்குச் சொந்த ஊடகம் இருந்தது. அயோத்திதாசப் பண்டிதர் 1907இல் சென்னை இராயப்பேட்டையிலிருந்து ‘ஒரு பைசாத் தமிழன்’ என்ற வார ஏட்டைத் தொடங்கினார். பின்னர் அது ‘தமிழன்’ என்று பெயர் பெற்றது. மாரிகுப்பத்தில் இயங்கிய பௌத்த சங்கத்தின் வழியாகத் தங்கவயல் தொழிலாளர்கள் அந்த ஏட்டின் வாசகர்களாயினர், புரவலர்களாகவும் ஆயினர். 1914இல் பண்டிதர் மறைந்தார். ஏடும் பின்னர் நின்றுபோயிற்று. 1926இல் ஜி. அப்பாதுரையார் அதை மீண்டும் தொடங்கியது இந்தத் தங்கவயலிலிருந்துதான். இங்கிருந்த சித்தார்த்த புத்தகசாலை பண்டிதரின் எழுத்துகளை நூல்களாக அச்சிட்டுக் காத்தது. அது இல்லாமற் போயிருந்தால், பிற்காலத்து ஆய்வாளர்களுக்குக் கிடைத்தவற்றுள் பல கிடைக்காமலே போயிருக்கும்.

இரண்டு ஊடகங்களையும் அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும். ‘தமிழ’னின் கருத்துகளில் மார்க்சியர்களுக்கு மாறுபாடுகள் உண்டு. ஆனால் அந்த ஏட்டை நடத்திய முறையில் கற்க வேண்டிய பாடம் இருக்கிறது. வாசகரை எடைபோட்டு மூன்றாமவருக்கு விற்பது அதன் தொழிலாக இருக்கவில்லை. பாறைக்கடியில் உழைத்துத் திரும்பியவர், தம் கூலியில் மிச்சம் பிடித்த காசை அதற்குக் கொடுத்தார். தம் கோரிக்கையையும் தம் கேள்வியையும் அதில் படித்தார். சாதி குத்திய இழி பெயரைத் துறந்து, தமக்குத் தாமே ஒரு பெயர் சூட்டிக்கொண்டார். 1930இல் கைரேகையை மறுத்த சமூகம், அதற்குள் தன் சொந்த அச்சுக்கூடத்தில் தன் சொந்த அடையாளத்தைக் கோத்திருந்தது. அடையாளம் என்பது அவர்கள் சேர்ந்து உருவாக்கியது, கடையில் வாங்கியதன்று.

பெயருக்குப் பின்னால் நிலம்

இவையெல்லாம் பழங்கதை, இன்றைக்கு இதனால் என்ன என்று கேட்கலாம். இன்றைக்குத்தான் இதற்கு அவசரம் ஏற்பட்டிருக்கிறது.

2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கங்கள் மூடப்பட்டன; மூவாயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் வேலையிழந்தார்கள். அன்று முதல் இந்த ஊர் இரயிலில் வாழ்கிறது. விடியற்காலையில் மாரிகுப்பத்தில் ஏறி, நூறு கிலோமீட்டர் தொலைவிலுள்ள பெங்களூருக்குச் சென்று, இரவில் திரும்புகிறவர்கள் ஆயிரக்கணக்கானோர். சுரங்கக் கழிவு குவிந்த சைனைட் மேடுகளிலிருந்து காற்றுக்காலத்தில் எழும் தூசு லைன்களின்மீது படிகிறது. 2024 ஜூனில், இப்பகுதியின் 13 கழிவு மேடுகளில், 1,003 ஏக்கருக்கும் மேலான பரப்பில், மீண்டும் தங்கம் எடுக்கும் ஒன்றிய அரசின் முன்மொழிவுக்குக் கர்நாடக அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. அந்த மேடுகள் யாருடைய உழைப்பு? அதில் வரும் வேலை யாருக்கு? மேட்டைக் கிளறும்போது எழும் தூசுக்கு யார் பொறுப்பு? நிலுவைத் தொகையும் வீட்டுரிமையும் என்னவாகும்?

இக்கேள்விகளை எழுப்பும்போதுதான் பெயரின் அரசியல் விளங்கும். நாட்டு மக்களின் மனத்தில் ‘கே.ஜி.எஃப்’ என்றால் ஒரு கதாநாயகனும் இயந்திரத் துப்பாக்கியும் மட்டுமே எழுமானால், இங்கே மனிதர்கள் வாழ்கிறார்கள் என்பதே மறைந்துபோகும். ஆளற்ற பாலைவனத்தை ஏலம் விடுவது எளிது. போராட்ட மரபு கொண்ட தொழிலாளர் நகரத்தை ஏலம் விடுவது எளிதன்று. ஊரைப் படப்பிடிப்புத் தளமாக மட்டும் காட்டும் பிம்பம், ஊரை வெறும் கனிமவளமாக மட்டும் காணும் மூலதனத்துக்கு வழி செப்பனிட்டுக் கொடுக்கிறது. இதற்குத் தனியாகச் சதி எதுவும் தேவையில்லை. ஒரே வர்க்கத்தின் இரு கண்கள் ஒரே திசையில் பார்ப்பது இயல்பே.

ஆகவே இளைஞர்கள் முன்னுள்ள வேலை, படத்தைத் திட்டுவதன்று. பார்த்து மகிழ்ந்ததற்காக யாரும் வெட்கப்படவும் வேண்டியதில்லை. பெயரைத் திரும்பப் பெறும் வேலைதான் முதன்மையானது. ஒவ்வொரு லைனிலும் ஷாஃப்டில் இறங்கிய முதியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களுடைய பேச்சு கைபேசியில் பதிவாக வேண்டும். டிரங்குப் பெட்டிகளில் கிடக்கும் ஊதியச் சீட்டுகள், சங்கச் சந்தா இரசீதுகள், வேலைநிறுத்தத் துண்டறிக்கைகள், பழைய ஏடுகள் தொகுக்கப்பட வேண்டும். சிலிகோசிஸால் இறந்தவர்களின் பட்டியல் லைன்வாரியாகத் தயாராக வேண்டும். நினைவஞ்சலிக்கு மட்டுமன்றி, இழப்பீட்டுக் கோரிக்கைக்கும் அது ஆவணம். கழிவு மேடுகளில் எந்த வேலை தொடங்குவதற்கு முன்பும் மக்களின் உடல்நலப் பரிசோதனை, உள்ளூரார்க்கு வேலை, தொழிலாளர் வீடுகளுக்கு முழு உரிமை ஆகியவை எழுத்தில் உறுதி செய்யப்பட வேண்டும் என்ற கோரிக்கை, கன்னடத்திலும் தமிழிலும் தெலுங்கிலும் ஒருசேர ஒலிக்க வேண்டும். ஐந்து மொழிகளில் ஒரு சரக்கை விற்க அவர்களால் முடியுமானால், மூன்று மொழிகளில் ஒரு கோரிக்கையைக் கொண்டு செல்லத் தொழிலாளர் பிள்ளைகளால் முடியாதா?

இந்த ஊரில் இருவர் புதிதாகச் சந்தித்தால் முதலில் கேட்கும் கேள்வி, ‘எந்த லைன்?’ என்பது. அந்தக் கேள்விக்கு விடை தெரிந்தவர்கள் இருக்கும்வரை, தங்கவயலின் பெயர் முழுவதுமாக விற்றுத் தீர்ந்துவிடவில்லை. விடை தெரிந்தவர்களிடம் கேட்டு எழுதி வைக்கும் வேலையை இந்த வாரமே தொடங்குங்கள்.